கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பதைச் சொல்லும் ஆங்கிலத்தை ரஷ்யனில் எழுதுவது எப்படி

ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கு மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்துத் தரச் சொல்லி எனக்குப் பக்கங்களை அனுப்புவார்கள். அதில் சிவப்பு அதிகம் விழுவது ஒரே வகை வரிகளில்தான். ஒரே அடியில் சாய்க்காமல், சிறுகச் சிறுகக் கெடுப்பதைச் சொல்லும் வரிகள். டெத் பை எ தவுசண்ட் கட்ஸ் (ஆயிரம் வெட்டில் சாவு), லாஸ்ட் ஸ்ட்ரா (ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசி வைக்கோல்), பாய்லிங் ஃபிராக் (மெல்லச் சூடாகும் நீரில் தவளை), ஸ்லிப்பரி ஸ்லோப் (வழுக்கும் சரிவு), ஈட்டிங் அவே (அரித்துத் தின்பது) என்று ஆங்கிலத்தில் இதற்கு ஒரு மூட்டையே இருக்கிறது. காப்பீட்டு அறிக்கையா, அரசியல் பத்தியா, ஏரி வற்றிய கதையா, எதைத் திறந்தாலும் இரண்டு மூன்றாவது தலைகாட்டும்.

நான் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலை ரஷ்யக் கலாச்சார மையத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தவன். இன்றைக்கும் என் ரஷ்யனை பீட்டர்ஸ்பர்கில் ஓர் அம்மா பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புகிறேன். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளிலிருந்து வந்தது. ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் இடத்தில் நெடில் போட்டிருக்கிறேன். அழுத்தம் விழாத 'ஓ' பேச்சில் 'அ' ஆகிவிடும், அதையும் கேட்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை, ஆங்கிலத்தில் இருக்கும் படத்தை மறப்பது. தவளை, ஒட்டகம், ஆப்பு, சறுக்கல் எதுவும் கண்ணில் நிற்கக் கூடாது. வாக்கியத்தை வெறும் செய்தியாக்கிவிட்டு இதைக் கேளுங்கள்: கெடுதல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா? யாராவது வேண்டுமென்றே செய்கிறார்களா, தானாக நடக்கிறதா? பாதிக்கப்படுகிறவருக்குத் தெரிகிறதா? ஆங்கிலம் மெதுவைப் படத்தில் வைக்கிறது. ரஷ்யன் அதை வினைச்சொல்லில் வைக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் அங்கே இரண்டு வடிவம்: நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ஒன்று, நடந்து முடிந்ததைச் சொல்ல ஒன்று. வினை சரியாக விழுந்துவிட்டால் பல இடங்களில் படமே தேவைப்படாது.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கில வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'துரு குழாயை அரித்துக்கொண்டே வருகிறது' என்று வாய் சொன்னால் முதல் வடிவம்: ர்ஷாவ்சின ரஸ்யெதாயெத். 'அரித்துவிட்டது' என்று சொன்னால் இரண்டாவது: ரஸ்யேல. நம் 'கொண்டே வருகிறது', 'விட்டது' இரண்டும் ரஷ்ய இணையோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆங்கிலத்திலிருந்து நேரே போனால், 'ஹாஸ் பீன் ஈட்டிங் அவே' என்பதில் கடந்த காலமா நிகழ்காலமா என்று தடுமாறி, பாதிப் பேர் ரஷ்யக் கடந்த காலத்தைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே நிகழ்காலம்தான் வேண்டும். கூடவே 'உஷே கதோரிய் கோத்' சேருங்கள். எத்தனையாவது வருஷமோ தெரியாது, இது பாட்டுக்கு நடக்கிறது என்கிற அலுப்பு அந்த மூன்று சொல்லில் வந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் காலை வாரும். 'மழை வந்தால் பாதையை அரித்துவிடும்' என்று வழக்கமாக நடப்பதற்கும் நாம் 'விடும்' போடுவோம். ரஷ்யனில் திரும்பத் திரும்ப நடப்பது என்றால் சாதாரணமாக முதல் வடிவம்தான், ஒவ்வொரு முறையும் வேலை முழுசாக முடிந்தாலும் சரி.

அடுத்தது முன்னொட்டு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மெதுவான கெடுதல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ரஷ்யன் வினைக்கு முன்னால் ஒட்டும் சிறு அசையில் சொல்லிவிடுகிறது.

'பத்' என்று தொடங்கினால் அடியிலிருந்து. புழு மரத்தைக் குடைவது போல உடம்பையோ நம்பிக்கையையோ உள்ளே இருந்து தின்றால் பத்தாச்சிவத், தின்று முடித்தால் பத்தச்சீத். ஆங்கிலத்தின் 'அண்டர்மைன்' வந்தவுடன் அகராதி முதலில் கொடுப்பது பத்ரிவாத். அதில் வெடிமருந்து வாடை உண்டு. பாறைக்கு வெடி வைப்பவனுக்கு அதே வேரில்தான் பெயர். ஒரு ஊழல் செய்தி வெளியாகி ஒரே நாளில் மதிப்பு சரிந்தால் அது பொருந்தும். பத்து வருஷமாகத் தேய்ந்த மதிப்புக்குப் பத்தாச்சிவத் போடுங்கள்.

'ரஸ்' என்றால் பிரிந்து, கரைந்து, சிதறிப் போவது. துரு, அமிலம், பொறாமை எல்லாம் ரஸ்யெதாத். ஆறு கரையைக் கரைப்பதற்கும் இதே முன்னொட்டு. அங்கே இன்னொரு அழகு: இயற்கை செய்யும் சேதத்துக்கு ரஷ்யர்கள் எழுவாயே இல்லாமல் பேசுவார்கள். தரோகு ரஸ்மீல என்றால் சாலையை அரித்துப் போட்டுவிட்டது. எது அரித்தது என்று கேட்க ஆள் இல்லை. குற்றவாளி இல்லாத கெடுதலுக்கு இந்த அமைப்பு கச்சிதம்.

'இஸ்' என்றால் ஒன்றும் மிச்சமில்லாமல். இஸ்வதீத், இஸ்வெஸ்தீ இணை இதில் கொடூரமானது. நாட்டுப்புறக் கதைகளில் மாற்றாந்தாய் மூத்தாள் மகளைச் செய்ய நினைப்பது இதைத்தான்: சூனியமோ, விஷமோ, ஓயாத வேலையோ, எப்படியாவது உருத்தெரியாமல் ஆக்கிவிடுவது. அலுவலகத்தில் ஒரு மேலாளர் ஒருவரைத் தினமும் குத்திக் குத்தி வேலையை விட வைத்த கதைக்கு அருமையாகப் பொருந்தும். அதற்கே ஷ்ஷீத் ஸோ ஸ்வெது என்றும் ஒன்று உண்டு, உலகத்திலிருந்தே வாழவிடாமல் விரட்டுவது. பருவநிலை மாற்றத்துக்கு இரண்டையும் போடாதீர்கள். வேண்டுமென்றே செய்கிற ஒரு ஆள் இருக்கும் இடத்தில்தான் இவை பெரும்பாலும் பொருந்தும்.

'ஸ' என்றால் அளவு மீறி. பிலீத் என்றால் ரம்பத்தால் அறுப்பது, பேச்சு வழக்கில் நச்சரிப்பது. ஸபிலீத் என்றால் நச்சரித்தே ஆளை ஒழித்துவிடுவது. 'த' என்றால் கடைசி எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளுவது. தகனாத் என்ற வினையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

எங்கே தேவைப்படும் என்றால், லாஸ்ட் ஸ்ட்ராவில். ஒட்டகத்தின் முதுகை ஒடித்த கடைசி வைக்கோல். ரஷ்யனில் வைக்கோல் துரும்பு சலோமின்க. புதியவர் 'பஸ்லேத்னய சலோமின்க' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருளும் சும்மா இருக்கும். ஆனால் ரஷ்ய வாசகருக்கு சலோமின்க என்றவுடன் நினைவு வருவது நீரில் மூழ்குகிறவன் பற்றிக்கொள்ளும் துரும்பு. ஆகவே கடைசித் துரும்பு என்றால் கடைசி நம்பிக்கை. 'வாடகை ஏற்றம்தான் அந்தக் கடைக்கு லாஸ்ட் ஸ்ட்ரா' என்ற வாக்கியம், வாடகை ஏற்றம்தான் கடையைக் காப்பாற்றும் கடைசி வழி என்று போய் நிற்கும்.

ரஷ்யனில் ஒட்டகத்தின் இடத்தில் இருப்பது கிண்ணம். பொறுமைக் கிண்ணம் நிரம்பி வழிகிறது, வழிய வைத்தது பஸ்லேத்னய காப்ல்ய, கடைசித் துளி. பொறுமை தீர்ந்த கதை என்றால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பொறுமைக்குப் பதில் தெம்போ, உடம்போ, கடையோ தீர்ந்துபோனால் தகனாத்தின் கடந்த காலம்: 'ஏத யிவோ தகனால', இதுதான் அவனை ஒரேயடியாக முடித்தது. ஒட்டகத்தை அப்படியே கொண்டுவந்த ரஷ்யக் கட்டுரைகளும் இருக்கின்றன, புரியாமல் போகாது. மொழிபெயர்ப்பு என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆயிரம் வெட்டுக்கு வருவோம். இது சீனத்தில் இருந்த லிங்ச்சி என்ற மரண தண்டனையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சிங் அரசு 1905இல் அதை ஒழித்தது. ரஷ்யனிலும் 'ஆயிரம் வெட்டுக்களால் சாவு' என்று நேர்ப்பெயர்ப்பு இருக்கிறது, தொழில் பத்திரிகைகளில் கண்ணில் படும். அதில் வெட்டுக்குப் போடும் சொல் பரேஸ். முகம் மழிக்கும்போது பிளேடு கிழிப்பதும் அதேதான், அதனால் சாவு வரும் என்ற பயம் சட்டென்று வருவதில்லை. மேலாண்மைக் கட்டுரைக்கு இது போதும். மற்ற இடத்தில் நான் கதையின் பொருளுக்குள்ளேயே வினையைத் தேடுவேன்.

ஆரல் கடலை எடுத்துக்கொள்வோம். உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது. பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா நதிகளின் நீரை வாய்க்கால் வாய்க்காலாகத் திருப்பியதில் 1960களிலிருந்து சுருங்கத் தொடங்கி, 1987இல் இரண்டு துண்டானது. இதை ஒரு ஆங்கிலக் கட்டுரையாளர் ஆயிரம் வெட்டுச் சாவு என்று எழுதினால் ஆங்கிலத்தில் நன்றாகத்தான் இருக்கும். ரஷ்யனில் ரஸ்தாஸ்கிவத், ரஸ்தஷ்ஷீத் என்று ஓர் இணை இருக்கிறது. பொதுச் சொத்தை ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துப்போவது. கட்டடம் கட்டும் இடத்திலிருந்து செங்கல் செங்கலாகக் காணாமல் போவதற்கு இதைச் சொல்வார்கள். 'அரால் ரஸ்தஷ்ஷீலி ப கனாலம்', ஆரலை வாய்க்கால்களுக்குப் பிய்த்து இழுத்துப் போய்விட்டார்கள். இதில் ரத்தமும் இல்லை, சீனமும் இல்லை. ஒவ்வொரு வாய்க்காலும் சின்னது, சேர்ந்து ஒரு கடலைத் தின்றது என்பது முழுசாக வந்துவிட்டது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போவதைச் சொல்லும் மெலேத் என்ற வினையும் உண்டு, ஆனால் அதில் யார் செய்தது என்பது இருக்காது. கட்டுரை யாரையாவது குற்றம் சாட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றை எடுங்கள்.

நிதி வெட்டு பற்றிய தலைப்பில் ஆயிரம் கட்ஸ் வந்தால் ஆங்கிலம் சிலேடை ஆடுகிறது. இங்கே ரஷ்யன் ஆங்கிலத்தையே தோற்கடிக்கும். நிதியைக் குறைப்பதும் வெட்டுதல்தான், உரெஸாத். கழுத்தை அறுப்பதும் அதே வேர், ஸரேஸத். ஒரு திட்டத்தைக் கொன்றுவிட்டார்கள் என்பதற்கும் பேச்சில் ஸரேஸத்தான். ஆகவே: 'உரெஸாலி, உரெஸாலி, இ ஸரேஸலி.' வெட்டினார்கள், வெட்டினார்கள், கடைசியில் அறுத்தேவிட்டார்கள். இந்த அச்சை வேறு வினைகளிலும் வார்க்கலாம்: முதல் வடிவத்தை இரண்டு முறை சொல்லிவிட்டு, முடிந்த வடிவத்தை ஒரே முறை. மெதுவும் முடிவும் ஒரே மூச்சில் வரும். பீட்டர்ஸ்பர்க் அம்மா ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுமதிக்க மாட்டார். சரிதான், இரண்டாவது வந்தால் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

தவளைக்கு வருகிறேன். மெல்லச் சூடாகும் நீரில் தவளை குதிக்காமல் கிடந்து செத்துப்போகும் என்கிற கதை. உண்மை இல்லை. 1869இலேயே ஜெர்மன் உடலியலாளர் ஃபிரீட்ரிஷ் கோல்ட்ஸ் செய்து பார்த்ததில் மூளையை எடுத்த தவளைதான் பேசாமல் கிடந்தது, முழுத் தவளை தப்பிக்கப் பார்த்தது. இருந்தாலும் உவமை நிலைத்துவிட்டது, மேலாண்மைப் புத்தகங்கள் வழியாக ரஷ்யாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனவே தவளையை விட்டுவைக்கலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 'கொதிநீரில் தவளை' என்று எழுதுவது. கொதிநீரில் போட்டால் தவளை உடனே குதித்துவிடும் என்பதுதானே கதையின் பாதி? 'ந மேத்லென்னம் அக்னே', மெதுவான தீயில் என்று எழுதுங்கள். அந்தத் தீ நம் காதில் அக்னி என்றுதான் விழும், அதில் தற்செயல் ஒன்றும் இல்லை, சமஸ்கிருத அக்னியும் அதுவும் ஒரே வேர். இரண்டாவது, ரஷ்யர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வேறொரு தவளையைத் தெரியும். பால் ஆடையில் விழுந்த இரண்டு தவளைகளில் ஒன்று மூழ்கிவிட, இன்னொன்று காலை அடித்துக்கொண்டே இருந்து வெண்ணெய் திரளவைத்து ஏறி வெளியே வந்ததாகக் கதை. பாத்திரம், தவளை என்று மட்டும் எழுதினால் சிலருக்கு அந்த விடாமுயற்சித் தவளை வந்து நிற்கும். தீயை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொழில் கட்டுரை இல்லையென்றால் தவளையே வேண்டாம், 'ஈஸ்பத்வல்' என்ற ஒற்றைச் சொல் போதும். யாரும் கவனிக்காமல், மெல்ல மெல்ல என்ற இரண்டும் அதில் இருக்கிறது. இந்தச் சொல்லை மறந்துவிட்டு 'படிப்படியாக' என்ற அரசாங்கச் சொல்லான பஸ்தெப்யேன்னவை எல்லா இடத்திலும் தெளிக்கிறார்கள். அதில் கெடுதல் வாடையே இல்லை. சீர்திருத்தமும் படிப்படியாகத்தான் வரும்.

தின் எண்ட் ஆஃப் த வெட்ஜ், ஆப்பின் மெல்லிய முனை: சின்னதாக நுழைந்து பெரிதாகப் பிளக்கப்போவதன் தொடக்கம். ரஷ்ய ஆப்புக்கு ஏற்கெனவே வேறு வேலைகள் இருக்கின்றன. ஆப்பை ஆப்பால்தான் தட்டி எடுக்க வேண்டும் என்பார்கள், நம் முள்ளை முள்ளால் எடுப்பதுதான். இரண்டு பேருக்கு நடுவே ஆப்பு அடிப்பது என்றால் பிரித்துவிடுவது. ஆகையால் ஆப்பை எடுத்துவிடுங்கள். தானே போய்ச் சிக்கிக்கொள்கிற கதை என்றால், 'ககதோக் உவ்யாஸ், வ்ஸேய் ப்தீச்கெ பிரபாஸ்த்': நகம் சிக்கினால் பறவை முழுக்கப் போச்சு. தல்ஸ்தோய் (நம் டால்ஸ்டாய்) 1886இல் எழுதிய ஒரு நாடகத்துக்கு இதைத்தான் துணைத்தலைப்பாக வைத்தார். முதல் கடன், முதல் லஞ்சம், முதல் பொய் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வெளியாள் உள்ளே நுழைகிற கதை என்றால், விரலைக் கொடு, கை முழுவதையும் கடித்துவிடுவான் என்கிற பழமொழி. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவன் அங்கே கடிப்பவனாக இருக்கிறான்.

ஸ்லிப்பரி ஸ்லோப்பையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு மனிதன் கெட்டுச் சீரழிவது என்றால் 'பகத்தீத்ஸ ப நக்லோன்னய்', சரிவில் உருள ஆரம்பிப்பது. வாதத்தில் வரும் சறுக்கல் (இன்று இதை விட்டால் நாளை எல்லாம் போகும் என்பது) என்றால் ஸ்கோல்ஸ்கய தரோஷ்க, வழுக்குப் பாதை.

மற்றவை சட்டென்று. சலாமி தந்திரம் (மெல்லிய துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொள்வது): ஹங்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் மாத்யாஷ் ராகோசியின் பெயரோடு ஒட்டிய சொல், அரசியல் கட்டுரையில் அப்படியே தாக்திக சல்யாமி. நிக்கல் அண்ட் டைம்: காசை 'ப மேலச்சி' இழுக்கிறார்கள், சில்லறை சில்லறையாக. எதிராளியை அலுக்க வைத்துப் பணிய வைப்பது: 'வ்ஸ்யாத் இஸ்மோரம்', பட்டினி போட்டுக் கோட்டையைப் பிடிப்பது. கமுக்கமாக நெருங்குவது: 'தீஹய் சாபய்', இதுவும் முற்றுகைக் காலச் சொல், கோட்டைச் சுவரை நோக்கிச் சத்தமில்லாமல் பதுங்குகுழி வெட்டிக்கொண்டே போவது. பொருளாதாரத்தில் மெல்ல ஏறும் விலைவாசி பல்ஸூச்சய இன்ஃப்ல்யாத்ஸிய, ஊர்ந்து வரும் பணவீக்கம். இது துறைச்சொல், இதில் கைவைக்காதீர்கள்.

பழமொழிகளில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. சின்னச் சின்னதாகச் சேர்வதைச் சொல்லும் ரஷ்யப் பழமொழிகளில் நிறைய நல்லதைத்தான் சொல்கின்றன. கோழி மணி மணியாகத்தான் கொத்தும் என்பது பொறுமைக்குப் பாராட்டு. ஊரில் ஆளுக்கொரு நூல் கொடுத்தால் இல்லாதவனுக்கு ஒரு சட்டை என்பது உதவி. 'காப்ல்ய காமென் தோச்சித்', துளி கல்லைக் குடையும் என்பதும் பெரும்பாலும் விடாமுயற்சிக்குத்தான் வருகிறது. நம் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை யாரும் கல்லுக்காக வருந்திச் சொல்வதில்லையே, அதே மாதிரி. மோசமான பள்ளம் 'லிஹா பெதா நச்சால'. கேடு, துன்பம், தொடக்கம் என்று மூன்று சொல்லும் பொருத்தமாகக் கண்ணடிக்கும். பொருளோ, தொடங்குவதுதான் கஷ்டம், அப்புறம் ஓடிவிடும் என்கிற தட்டிக்கொடுப்பு. ஊழலின் ஆரம்பம் பற்றிய வரியில் இதைப் பார்த்தால் ரஷ்ய வாசகர் சிரிப்பார். கிண்டலாகவே எழுத வேண்டும் என்றால் 'மேத்லென்ன, நொ வேர்ன' இருக்கிறது. மெதுவாக, ஆனால் உறுதியாக. நல்லதுக்கான சொல்தான், ஆனால் 'மெதுவாக, ஆனால் உறுதியாக மூழ்குகிறோம்' என்று திருப்பிப் போட்டால் அவர்களுக்குப் பிடிக்கும்.

எழுதியதைச் சரிபார்க்க, ரஷ்ய மொழியின் தேசிய உரைத்தொகுப்பு (ரஷ்யர்கள் எழுதியவற்றைச் சொல்லாகத் தேடிப் பார்க்கும் தொகுப்பு) 2004 முதல் இணையத்தில் இருக்கிறது. தொடர் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அது போதாது. எழுவாயாக யார் வருகிறார், என்ன கெடுகிறது, வாக்கியம் அழுகிறதா சிரிக்கிறதா என்று பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டையாவது படியுங்கள். கடந்த முப்பது வருஷ எழுத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தெரியும். 1955இல் முதலில் வந்த குனினின் ஆங்கில–ரஷ்ய மரபுத்தொடர் அகராதி இன்றும் நல்ல துணை, நடை மட்டும் கொஞ்சம் பழசு. அது ஓர் ஆங்கிலத் தொடருக்கு ஐந்து ரஷ்யத் தொடர் கொடுத்தால் ஐந்தையும் உரைத்தொகுப்பில் போட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் படம் உள்ளது ஒன்று, வெறும் வினை மட்டும் உள்ளது ஒன்று என்று இரண்டு வடிவத்தை ரஷ்யர் ஒருவருக்கு ஆங்கிலமே காட்டாமல் அனுப்புங்கள். ஆங்கிலத்தைக் காட்டினால் அவரும் ஒட்டகத்தைப் பார்த்துவிடுவார்.

ஆணி இல்லாமல் லாடம் போய், லாடம் இல்லாமல் குதிரை போய், கடைசியில் எல்லாமே போன ஆங்கிலக் குழந்தைப் பாட்டைச் சுட்டும் வரி வந்தால் மட்டும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ரஷ்யக் குழந்தைக் கவிஞர் மர்ஷாக் அதை எப்போதோ ரஷ்யனில் எழுதி முடித்துவிட்டார், ரஷ்யப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். அவருடைய வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.